யூஎஸ்பி 3.0 கார்டு போட்டும் வேகம் வரவில்லையா? பழைய டெஸ்க்டாப்புக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பழைய டெஸ்க்டாப்பில் 50 ஜிபி வீடியோவை வெளி ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றப் போனால் யூஎஸ்பி 2.0 போர்ட்டில் 24 நிமிடம் பிடிக்கும். அதே டிஸ்க்கை யூஎஸ்பி 3.0 போர்ட்டில் செருகினால் ஏழு, எட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த மிச்சத்துக்காகத்தான் பலரும் மதர்போர்டு ஸ்லாட்டில் செருகும் யூஎஸ்பி 3.0 கார்டு ஒன்றை வாங்கிப் போடுகிறார்கள். போட்ட பிறகு வேகம் கூடவில்லை என்றால் பழி கார்டின் மேல் விழுகிறது. பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில்தான் இருக்கும்.

கார்டு வாங்கும் முன் உங்கள் பெட்டிக்கு அது தேவையா என்று பாருங்கள். இன்டெல் சிப்செட்டுகளில் (மதர்போர்டின் முதன்மைச் சிப்) யூஎஸ்பி 3.0 உள்ளேயே வரத் தொடங்கியது 2012இல் வந்த 7 சீரிஸிலிருந்து. ஏஎம்டியில் 2011இல் வந்த ஏ75. ஆகவே ஜி41, எச்55, எச்61 போர்டுகளில் சிப்செட் வழி யூஎஸ்பி 3.0 கிடையாது; தயாரிப்பாளர் தனிச் சிப் வைத்திருந்தால் உண்டு. கம்பெனிகளிலிருந்து கழித்துவிடும் செகண்ட் ஹேண்ட் பெட்டிகளில் டெல் ஆப்டிபிளெக்ஸ் 790இல் இல்லை, 7010இல் உண்டு. எச்பி 8200 எலைட்டில் இல்லை, 8300இல் உண்டு. 7010 வைத்திருப்பவர் கார்டு வாங்க வேண்டியதே இல்லை. டிஸ்க்கைச் சரியான போர்ட்டில் செருகினால் போதும்.

சரியான போர்ட்டைக் கண்டுபிடிக்க நீல நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வழக்கமான நான்கு தொடுமுனைகளோடு இன்னொரு வரிசையில் ஐந்து இருந்தால் அது 3.0. அந்த ஐந்தும் இல்லையென்றால் பிளாஸ்டிக் எந்த நிறமானாலும் 2.0தான்.

முதலில் அளந்து பாருங்கள்

ராம் அளவைவிடப் பெரிய ஒரே கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 4 ஜிபி ராம் என்றால் 8 அல்லது 10 ஜிபி கோப்பு. காப்பி செய்யும்போது முதல் பத்து நொடியில் தெரியும் எண்ணை விட்டுவிட்டு, பாதிக்குமேல் போன பிறகு நிலையாக நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10 என்றால் கூடவே டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வையுங்கள். உள் டிஸ்க் 100 சதவீதத்தில் திணற, வெளி டிஸ்க் 40 சதவீதத்தில் சும்மா இருந்தால், மெதுவாக இருப்பது உள் டிஸ்க். எந்தக் கார்டு மாற்றினாலும் அது மாறாது.

தரவு போகும் பாதையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு உச்சம் உண்டு. 5400 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க் ஏறக்குறைய 100 முதல் 130 எம்பி. எச்61இல் உள் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா, 3 ஜிபிட் வகை. கணக்குப்படி 300 எம்பி, கைக்குக் கிடைப்பது 270ஐ ஒட்டி. யூஎஸ்பி 2.0 கணக்குப்படி 60 எம்பி, கைக்கு 30 முதல் 40. யூஎஸ்பி 3.0 கணக்குப்படி 500, கைக்கு 400 வரை. இதில் எது குறைவோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும். எல்லாமே நொடிக்கான அளவு. நீங்கள் குறித்த எண் இதில் எதை ஒட்டி வருகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அறிகுறி: கார்டு போட்டும் 30–40 எம்பியைத் தாண்டவில்லை

இந்த எண் வந்தாலே டிஸ்க் 2.0 முறையில் இணைந்திருக்கிறது என்று பொருள். காரணங்களை எளிதானதிலிருந்து பாருங்கள்.

கேபிள். வெளி ஹார்டு டிஸ்க்கின் வாய் இரண்டு பகுதியாக அகலமாக இருக்கும். அதில் பாதியை மட்டும் அடைக்கும் பழைய மைக்ரோ யூஎஸ்பி போன் கேபிளைச் செருகினாலும் டிஸ்க் வேலை செய்யும், 2.0 வேகத்தில். டைப் சி கேபிளிலும் இதே சிக்கல்: போனோடு வரும் சார்ஜிங் கேபிள்கள் பலவற்றுக்குள் 3.0 கம்பிகளே இருக்காது. டிஸ்க்கோடு வந்த கேபிளையே போட்டுப் பாருங்கள்.

செருகும் விதம். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் உண்மை. 2.0க்கான நான்கு முனைகள் முதலில் தொடும். 3.0க்கான ஐந்தும் கடைசியில்தான் தொடும். மெல்ல மெல்ல நுழைத்தால் அந்த இடைவெளிக்குள் கம்ப்யூட்டர் அதை 2.0 என்று முடிவு கட்டிவிடும். பாதுகாப்பாக எஜெக்ட் செய்து, உருவி, ஒரே மூச்சில் கடைசிவரை செருகுங்கள்.

நீட்டிப்புக் கேபிள், பழைய ஹப். நடுவில் ஒரு 2.0 ஹப் இருந்தால் அதற்கு அப்பால் எல்லாமே 2.0தான். 3.0 கேபிளின் மொத்த நீளம் 3 மீட்டருக்குள், 10 ஜிபிட் யூஎஸ்பி என்றால் 1 மீட்டருக்குள் இருக்கட்டும்.

முன்பக்க போர்ட். அசெம்பிள் செய்தவர் கேபினெட்டின் நீல போர்ட்டுகளை ஒரு கன்வெர்ட்டர் வைத்து மதர்போர்டின் 9 பின் யூஎஸ்பி 2.0 ஹெடரில் கொடுத்திருப்பார். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி ஒயரைத் தொடர்ந்து பாருங்கள். கார்டில் 19 பின் ஹெடர் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். அந்த இணைப்பியின் பின்கள் மெல்லியவை. கோணலாக அழுத்தினால் வளைந்து உடையும். பக்கத்துப் பள்ளமும் மேடும் நேராக வரும்படி வைத்து, நேராகக் கீழே அழுத்த வேண்டும். ஒரு பின் வளைந்தாலே ஒரு போர்ட் 2.0 ஆகிவிடும் அல்லது செத்துவிடும்.

இணைப்பு எந்த வேகத்தில் நடக்கிறது என்று உறுதியாகத் தெரிய, விண்டோஸில் மைக்ரோசாஃப்ட்டின் யூஎஸ்பி வியூ கருவி போதும். லினக்ஸில் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை டி விருப்பத்தோடு (lsusb -t) ஓட்டுங்கள். டிஸ்க்கின் வரியில் 480 என்றிருந்தால் 2.0, 5000 என்றிருந்தால் 3.0.

அறிகுறி: எஸ்எஸ்டி போட்டும் 180–200 எம்பியில் நின்றுவிடுகிறது

பழைய பெட்டிகளில் அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கார்டு உட்காரும் பிசிஐ எக்ஸ்பிரஸ் (பிசிஐஇ) ஸ்லாட்டுக்கும் ஒரு உச்சம் உண்டு. முதல் தலைமுறையில் ஒரு லேனுக்கு (தரவு போகும் ஒரு தடம்; நெட்வொர்க் லேன் அல்ல) 250 எம்பி. தரவோடு சேர்ந்து போகும் தலைப்புத் தகவல்களுக்குப் போக மீதம் 200க்குள். இரண்டாம் தலைமுறையில் 500. மூன்றாம் தலைமுறையில் 985. ஜி41 போர்டின் சின்ன (ஒரே லேன்) ஸ்லாட்டுகள் முதல் தலைமுறை. எச்55, பி55 போர்டுகளின் சின்ன ஸ்லாட்டுகள் பெயருக்கு இரண்டாம் தலைமுறை, ஓடுவது முதல் தலைமுறை வேகத்தில்தான். எச்61இலிருந்துதான் சின்ன ஸ்லாட்டிலும் முழு 500 கிடைக்கிறது.

ஆகவே உங்களுடையது எச்61 என்றால் முதலில் பயாஸுக்குள் போய் பிசிஐஇ ஸ்பீடு ஜென் 1 என்று பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டோ அல்லது ஜென் 2 ஆக்குங்கள். எச்55 என்றால் கிராபிக்ஸ் கார்டுக்கான நீள ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். அது நேரே பிராசஸரிலிருந்து வருவது, இரண்டாம் தலைமுறை. ஒரே லேன் உள்ள கார்டை 16 லேன் உள்ள ஸ்லாட்டில் போடலாம். சின்னக் கார்டு பெரிய ஸ்லாட்டில் உட்காரும், வேலை செய்யும். ஜி41இல் நீள ஸ்லாட்டும் முதல் தலைமுறைதான். அங்கே ஒரே லேன் உள்ள கார்டுக்கு 200 எம்பிதான் எல்லை. வெளி ஹார்டு டிஸ்க்குக்கு அது தாராளம். எஸ்எஸ்டிக்காக அந்த போர்டில் இன்னும் செலவு செய்ய வேண்டாம்.

இதே கணக்கில்தான் 10 ஜிபிட் கார்டுகளையும் பார்க்க வேண்டும். எச்61இன் சின்ன ஸ்லாட்டில் ஏஎஸ்மீடியா 1142 சிப் வைத்த கார்டைப் போட்டால் ஸ்லாட் 500ஐத் தாண்ட விடாது. கொடுத்த கூடுதல் காசு வீண். ஏஎஸ்மீடியா 3142 கார்டு இரண்டு லேன் பயன்படுத்தும். அதை நீள ஸ்லாட்டில் போட்டால்தான் பலன். அதுவும் பிராசஸர் இன்டெலின் ஐவி பிரிட்ஜ் வகையாகவும் போர்டு மூன்றாம் தலைமுறையை ஆதரிப்பதாகவும் இருந்தால்தான் 10 ஜிபிட்டை ஒட்டி வரும்.

ஸ்லாட் சரி, ஆனாலும் எஸ்எஸ்டி சோம்பலாக இருக்கிறதா? யூஏஎஸ்பி என்பது பல கட்டளைகளை வரிசையில் சேர்த்து அனுப்பும் புதிய முறை; டிவைஸ் மேனேஜரில் ஸ்டோரேஜ் கண்ட்ரோலர்கள் கீழ் யூஎஸ்பி அட்டாச்டு ஸ்கஸி (யூஏஎஸ்) என்ற பெயர் தெரிகிறதா பாருங்கள். தெரியாமல் வெறும் மாஸ் ஸ்டோரேஜ் டிவைஸ் என்று யூஎஸ்பி பட்டியலில் மட்டும் இருந்தால், ஒரு கட்டளை முடிந்த பிறகே அடுத்ததை அனுப்பும் பழைய முறையில் ஓடுகிறது. விண்டோஸ் 7இல் யூஏஎஸ்பி இயல்பாக இல்லை, 8இலிருந்து உண்டு. டிஸ்க் வைத்திருக்கும் உறையும் அதை ஆதரிக்க வேண்டும்.

அறிகுறி: ஆரம்பத்தில் பாய்கிறது, பிறகு 20 எம்பிக்கு விழுகிறது

இது போர்ட்டின் கோளாறு அல்ல. முதலில் தெரிந்த பெரிய எண், விண்டோஸ் ராமில் வாங்கி வைத்த கணக்கு. பென் டிரைவ் என்றால் அதன் உண்மையான எழுதும் வேகம் பின்னால் தெரிவதுதான், யூஎஸ்பி 3.0 என்று அச்சிட்ட மலிவு பென் டிரைவ்கள் பலவும் படிப்பதில் 100ஐத் தொடும், எழுதுவதில் 10 முதல் 30க்குள் சுருண்டுவிடும். விலை குறைந்த எஸ்எஸ்டிகளிலும் வேகமான தற்காலிகப் பகுதி நிரம்பியதும் இதே சரிவு வரும். ஆயிரக்கணக்கான சின்னப் படங்களைக் காப்பி செய்யும்போது எந்த டிஸ்க்குமே தடுமாறும். அவற்றைச் சுருக்காமல் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்பினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு போகவே மறுத்தால் டிரைவ் ஃபேட்32இல் இருக்கிறது. உள்ளதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு எக்ஸ்ஃபேட் ஆக்குங்கள்.

அறிகுறி: டிஸ்க் "டிக் டிக்" என்கிறது, இணைந்து இணைந்து அறுந்துபோகிறது

மின்சாரம். பத்தில் ஒன்பது முறை வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் 12 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும்தான் உண்டு. யூஎஸ்பிக்கு வேண்டிய 5 வோல்ட் அதில் இல்லவே இல்லை. அதனால்தான் நல்ல கார்டுகளின் ஓரத்தில் மோலெக்ஸ் (நான்கு பின் கொண்ட பழைய பவர் இணைப்பி) அல்லது சாட்டா பவர் இணைப்பி இருக்கிறது. அதன் வழியே எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (பெட்டியின் பவர் சப்ளை) 5 வோல்ட்டை நேராக எடுக்கும். அந்த ஒயரைச் செருகாமல் விட்டால் மவுஸ் வேலை செய்யும், ஹார்டு டிஸ்க் சுழலத் திணறும். இணைப்பியே இல்லாத கார்டுகள் ஸ்லாட்டின் 12 வோல்ட்டைக் குறைத்து 5 ஆக்கிக்கொள்கின்றன. ஒரே லேன் உள்ள கார்டுக்கு 12 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 6 வாட்தான் வரையறை. அதில் போர்ட்டுகள் அனைத்துக்கும் சேர்த்து 5 வோல்ட்டில் ஒரு ஆம்பியரை ஒட்டித்தான் தேறும். ஒரு 2.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் மட்டுமே ஏறக்குறைய அவ்வளவு கேட்கும். இரண்டாவது டிஸ்க்கைச் செருகியதும் முதலாவது அறுந்துபோவது இதனால்தான்.

நான்கு போர்ட் கார்டில் ஒவ்வொன்றுக்கும் 900 மில்லி ஆம்பியர் என்றால் 3.6 ஆம்பியர், 18 வாட். சாட்டா பவர் இணைப்பியின் 5 வோல்ட் பின்கள் 4.5 ஆம்பியர் வரை தாங்கும், ஆகவே போதும். கம்பெனிப் பெட்டிகளில் பெரும்பாலும் மோலெக்ஸ் இருக்காது. சாட்டா இணைப்பி உள்ள கார்டாகப் பார்த்து வாங்குங்கள். கன்வெர்ட்டர் தவிர்க்க முடியாது என்றால், ஒயர்களை உள்ளே வைத்து பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றிச் செய்த வகையை வாங்காதீர்கள். உள்ளே ஷார்ட் ஆகி எரிவது அந்த வகைதான். ஒயர்கள் தனித்தனியாகப் பின்னில் நெரிக்கப்பட்டு, பின்மூடியைத் திறந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஒயரும் சரி என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதியுங்கள். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, காலி மோலெக்ஸில் கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையே பாருங்கள். டிஸ்க் ஓடும்போது 4.75க்கும் 5.25க்கும் நடுவில் இருக்க வேண்டும். டிஸ்க் சுழலும் நேரத்தில் 4.75க்குக் கீழே இறங்கினால் எஸ்எம்பிஎஸ் களைத்துவிட்டது, கார்டை மாற்றிப் பயனில்லை. இந்த நிலையில் டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டாம். எழுதும் நடுவில் மின்சாரம் துவண்டால் கோப்பு அட்டவணையே கெட்டுவிடும். படங்களும் ஆவணங்களும் அப்படித்தான் போகின்றன.

வோல்ட்டேஜ் நன்றாக இருந்தும் காப்பி நடுவில் அரை நிமிடம் உறைந்து மீண்டும் தொடர்கிறதா? ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் யூஏஎஸ்பிஸ்டோர் பெயரில் 129 என்ற எச்சரிக்கை இருந்தால், டிஸ்க் பதில் தராமல் விண்டோஸ் அதை ரீசெட் செய்திருக்கிறது. முதலில் கேபிள், அடுத்து டிஸ்க் உறை என்ற வரிசையில் மாற்றிப் பாருங்கள்.

அறிகுறி: கார்டையே கம்ப்யூட்டர் காணவில்லை, அல்லது மஞ்சள் குறி

கம்ப்யூட்டரை நிறுத்தி, சுவர் சுவிட்சையும் அணைத்து, பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்தித் தேங்கிய மின்னைப் போக்குங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டுக் கார்டைக் கழற்றுங்கள். தங்க முனைகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் துடைத்து, துகளைத் தட்டிவிட்டு மீண்டும் போடுங்கள். திருகை முடுக்கும்போது கார்டின் பின்முனை ஸ்லாட்டிலிருந்து எழும்புகிறதா என்று கட்டாயம் பாருங்கள்; மெல்லிய தகரக் கேபினெட்டுகளில் இதுவே காரணமாக இருக்கும். எஸ்எஃப்எஃப் வகைச் சின்னப் பெட்டிக்குக் கார்டின் ஓரத்து உலோகப் பட்டை குட்டையானதாக இருக்க வேண்டும். நீளப் பட்டையோடு திணித்தால் கார்டு சாய்ந்தே உட்காரும்.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி இருந்தால் அதன் பிழை எண்ணைப் பாருங்கள். 28 என்றால் டிரைவர் இல்லை. விண்டோஸ் 7இல் யூஎஸ்பி 3.0 டிரைவரே கிடையாது. சிப் பெயர் பார்த்து அதற்குரியதை நிறுவ வேண்டும். கார்டு விற்பவரின் பெயர் இங்கே உதவாது. கறுப்புச் சிப்பின் மேல் விஐஏ விஎல்805, ரெனேசாஸ் 720201, ஏஎஸ்மீடியா 1042ஏ, ஃப்ரெஸ்கோ லாஜிக் எஃப்எல்1100 என்று அச்சாகியிருப்பதைப் படியுங்கள். விண்டோஸ் 8, 10, 11இல் தானாகவே டிரைவர் உண்டு. கார்டோடு வந்த சிடியை அங்கே போடாதீர்கள், நன்றாக ஓடுவதைக் கெடுத்துவிடும்.

10 என்று வந்து, சிப் ரெனேசாஸ் 720201 அல்லது 720202 என்றால் ஒரு தனிக் காரணம் உண்டு. இந்தச் சிப்புக்கு ஃபர்ம்வேர் (அதை இயக்கும் உள் மென்பொருள்) வெளியிலிருந்து வர வேண்டும். நல்ல கார்டில் அருகிலேயே எட்டுக் கால் மெமரிச் சிப் ஒன்று இருக்கும். மலிவுக் கார்டில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். அப்படியானால் ஃபர்ம்வேரை ஏற்றிவிடும் ரெனேசாஸின் சொந்த டிரைவரை நிறுவிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் கார்டைத் திருப்பிக் கொடுங்கள்.

கார்டைப் போட்டதும் திரையே வரவில்லையா? ஆன்போர்டு கிராபிக்ஸ் உள்ள சில பழைய போர்டுகள், நீள ஸ்லாட்டில் எது இருந்தாலும் அதைக் கிராபிக்ஸ் கார்டு என்று எண்ணி ஆன்போர்டை அணைத்துவிடும். கார்டை எடுத்துவிட்டு பயாஸில் முதன்மை டிஸ்ப்ளேவை ஆன்போர்டு என்று நிர்ணயித்து மீண்டும் போடுங்கள். அப்படி ஒரு தேர்வே இல்லையென்றால் சின்ன ஸ்லாட்தான் கதி.

அறிகுறி: ஒயர்லெஸ் மவுஸ் தத்தித் தத்தி நகர்கிறது

யூஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்புகிறது. 2012இல் இன்டெலே இதை விளக்கி ஆவணம் வெளியிட்டது. மவுஸின் குட்டி ரிசீவரை கார்டிலிருந்து எடுத்துப் பழைய 2.0 போர்ட்டில் போட்டு, முடிந்தால் ஒரு சின்ன நீட்டிப்புக் கேபிளால் மேசைக்கு மேல் கொண்டுவாருங்கள். பெட்டியை ஒட்டி இருக்கும் 2.4 வைஃபை டாங்கிளுக்கும் இதே மருந்துதான்.

அறிகுறி: தூங்கி எழுந்ததும் போர்ட்டுகள் செத்துக் கிடக்கின்றன

டிவைஸ் மேனேஜரில் 3.0 ரூட் ஹப்பின் பண்புகளில், மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். பவர் பிளானின் மேம்பட்ட அமைப்புகளில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும், பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்டையும் ஆஃப் செய்யுங்கள். டெஸ்க்டாப்பில் இவை மிச்சப்படுத்தும் மின்சாரம் மிகச் சொற்பம்.

அறிகுறி: கார்டில் செருகிய பென் டிரைவிலிருந்து பூட் ஆகவில்லை

ஆகாது. பழைய பயாஸுக்குக் கூடுதல் கார்டின் யூஎஸ்பியை இயக்கத் தெரியாது. விண்டோஸ் எழுந்த பிறகே அந்தப் போர்ட்டுகளுக்கு உயிர் வரும். கீபோர்டையும் விண்டோஸ் நிறுவும் பென் டிரைவையும் மதர்போர்டின் 2.0 போர்ட்டிலேயே வையுங்கள்.

ஸ்லாட்டே இல்லை என்றால்

போர்டில் வெள்ளை நிற நீளமான பழைய பிசிஐ ஸ்லாட் மட்டும் மிஞ்சியிருந்தால், அதற்கென்று விற்கும் யூஎஸ்பி 3.0 கார்டை வாங்க வேண்டாம். அந்தப் பாதையின் உச்சமே 133 எம்பி. அதையும் மற்ற பிசிஐ கார்டுகளோடு பங்கிட வேண்டும். அதற்குப் பதில் காலியான சாட்டா போர்ட்டில் டிஸ்க்கை நேராக இணைத்தால், 3 ஜிபிட் போர்டிலும் 270ஐ ஒட்டிக் கிடைக்கும். இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்புவதுதான் வேலை என்றால், இரண்டு பக்கமும் கிகாபிட் நெட்வொர்க் போர்ட் இருக்கும் பட்சத்தில் ஒரு கேட் 5இ நெட்வொர்க் கேபிள் வழியாக 110 எம்பி வரும். இரண்டு கம்ப்யூட்டரையும் அந்தக் கேபிளால் நேராக இணைத்து, ஐபி முகவரியாக ஒன்றுக்கு 192.168.10.1, மற்றதற்கு 192.168.10.2, சப்நெட் மாஸ்க்காக இரண்டுக்கும் 255.255.255.0 என்று கொடுத்து ஃபோல்டரைப் பகிர்ந்தால் போதும். வேகம் 11 எம்பியில் நின்றால் கேபிளில் எட்டுக் கம்பிகளில் நான்குதான் தொடுகின்றன. முனையை மாற்றிக் கிரிம்ப் செய்யுங்கள்.